உடைந்த ஃபாக் லைட்டும் ஐம்பது மீட்டரும்

சென்னை, மதுரைப் பக்கமிருந்து வந்த நம்மவர்களுக்கு ஃபாக் லைட் என்பது காருக்குப் போட்ட மூக்குத்தி மாதிரி. டாப் மாடல் என்றால் கூடவே வரும், பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். நமக்குத் தெரிந்த மூடுபனி ஊட்டி, கொடைக்கானலில்தான். சமவெளியில் என்றால் போகி அன்று காலை மட்டும். (2018 போகியில் சென்னையில் இறங்க வேண்டிய விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பி விட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா?) அதனால் ஃபாக் லைட் உடைந்தால், "அடுத்த சர்வீஸில் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறோம். சாந்த்ராகாச்சியில் குடியிருப்பவர்கள் அப்படி விடக் கூடாது என்பது என் கட்சி. அதை வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம், இன்ஷூரன்ஸ் பக்கம் போகவே வேண்டாம் என்பதும்தான்.

இங்கே ஏரியில் வாத்துகள் வந்து இறங்குகிற மாதங்களும் மூடுபனி மாதங்களும் கிட்டத்தட்ட ஒன்று. பக்கத்து வீட்டுப் பெங்காலி தாதா மங்கி கேப்பை வெளியே எடுத்துவிட்டால் சீசன் ஆரம்பம் என்று அர்த்தம். :-) வானம் தெளிவாக, காற்றே இல்லாத இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். குளம், குட்டை, சதுப்பு என்று சுற்றிலும் ஈரம். விடியற்காலையில் அத்தனையும் தரையோடு தரையாகத் திரண்டு நிற்கும். அந்த நேரத்தில்தான் கோனா எக்ஸ்பிரஸ்வேயில் லாரிகள் ஓடுகின்றன. சந்தைக்குக் காய்கறி ஏற்றிய சைக்கிள் வேன்களும் ஓரமாகப் போகின்றன. பின்னால் ஒரு சிவப்பு ஒட்டுத்தாள்கூட இல்லாமல், மேலே சாக்கு போர்த்திக்கொண்டு.

வானிலைத் துறைக் கணக்கில் பார்வைத் தூரம் 1000 மீட்டருக்குக் கீழே போனால் மூடுபனி. 200க்குக் கீழே அடர்பனி. 50க்குக் கீழே மிக அடர்பனி. இப்போது ஒரு சின்னக் கணக்கு (காமர்ஸ்காரன் கணக்குதான், பயப்பட வேண்டாம்). 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் போகிறது. எதிரே இருப்பதைப் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி என்றால் அதற்குள் 25 மீட்டர் போயாச்சு. ஈர ரோட்டில் நிற்க இன்னும் ஒரு 28 மீட்டர். ஆக மொத்தம் 53. கண்ணுக்குத் தெரிவதோ 50. அந்த மூன்று மீட்டரில்தான் சைக்கிள் வேன்காரர் இருக்கிறார். 40இல் போனால் மொத்தம் 29 மீட்டரில் நின்றுவிடலாம். வேகத்தைக் குறைப்பதுதான் முதல் வைத்தியம். எந்த விளக்கும் அதற்கு ஈடில்லை.

அப்புறம் ஃபாக் லைட் எதற்கு? அது தூரத்தைக் காட்டாது, ஓரத்தைக் காட்டும். ஹை பீம் போட்டால் பனித் துளிகளில் பட்ட வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பி வந்து, முன்னால் வெள்ளைச் சுவர் எழுப்பின மாதிரி ஆகிவிடும். ஃபாக் லைட்டைத் தாழ்வாக வைத்து, மேல்பக்கம் வெளிச்சமே போகாமல் வெட்டி, பக்கவாட்டில் விரித்து விடுகிறார்கள். ரோட்டோரக் கோடும், மண் விளிம்பும், நடந்து போகிறவர் காலும் தெரியும். ஒரு பக்கம் உடைந்திருந்தால் அந்தப் பக்கத்து ஓரம் சரியாகத் தெரியாது. உடைவது பெரும்பாலும் இடப் பக்கம்தான், டோட்டோக்காரர்கள் உரசுகிற பக்கம். ஓரமாகப் போகிற ஆட்களும் அந்தப் பக்கம்தான்.

மஞ்சள் பல்புதான் பனியைத் துளைக்கும் என்று கடைக்காரர் சொல்வார். பனித் துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரிசு. அதற்கு வெள்ளை, மஞ்சள் பேதம் அவ்வளவாகக் கிடையாது. கண் கூசுவது சிலருக்குக் கொஞ்சம் குறையலாம். பிரான்ஸில் 1936இல் சட்டம் போட்டு முகப்பு விளக்கையே மஞ்சளாக்கி, 1993 வரை வைத்திருந்துவிட்டுக் கடைசியில் கைவிட்டார்கள். பிடித்திருந்தால் போடுங்கள், அதற்காகக் கூடக் காசு கொடுக்காதீர்கள்.

நிற்க. இன்ஷூரன்ஸ் விஷயம்.

"வண்டிக்குத்தான் முழு பாலிசி இருக்கே, கிளெய்ம் போடலாமே" என்பார்கள். போடலாம். ஓர் உதாரணம். ஒரு பக்கத்து விளக்கு முழு அசெம்பிளி 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் 50 சதவீதம், மிச்சம் 1,000. 1500 சிசிக்கு உட்பட்ட காருக்கு நாம் கட்டாயமாக ஏற்க வேண்டிய தொகை 1,000. கைக்கு வருவது பூஜ்யம்! தேய்மானம் பிடிக்காத பாலிசி என்றால் ஆயிரம் ரூபாய் வரும். அதற்குப் பதிலாக நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். அஞ்சு வருஷமாக கிளெய்ம் போடாமல் 50 சதவீதத் தள்ளுபடியில் இருப்பவர் ஒரே கையெழுத்தில் பூஜ்யத்துக்கு வந்து, மறுபடி 20, 25, 35, 45 என்று ஏற வேண்டும். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் வருஷம் 8,000 என்று வைத்து, அது மாறவே இல்லை என்றும் கொண்டால், கூடுதலாகக் கட்டுவது 4,000, 2,400, 2,000, 1,200, 400. மொத்தம் பத்தாயிரம். நிஜத்தில் வண்டி பழசாக ஆகக் கொஞ்சம் குறையும். ஆயிரத்துக்காகப் பத்தாயிரத்தை அடகு வைக்கிற இந்த வியாபாரத்தை எந்த லோன் ஃபைலில் பார்த்தாலும் திருப்பி அனுப்பியிருப்பேன்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் எது போயிருக்கிறது என்று பாருங்கள். கண்ணாடி முழுசாக இருந்து விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் ஃபியூஸ், இல்லாவிட்டால் பல்பு. உள்ளே லேசாக ஆவி படிந்திருப்பது கோளாறு இல்லை, கொஞ்ச நேரம் எரியவிட்டால் போய்விடும். கண்ணாடி விரிசல் விட்டிருந்தால் மட்டும் பசை போட்டு ஒட்டாதீர்கள். தண்ணீர் இறங்கி, உள்ளே இருக்கிற பளபளப்பு உதிர்ந்து, கடைசியில் கனெக்டர் பச்சை பிடித்துப் போகும். அசெம்பிளியையே மாற்றுவது நல்லது.

வித்யாசாகர் சேதுவைத் தாண்டிப் போனால் மல்லிக் பஜாரில் புதுசு, பழசு, டூப்ளிகேட் எல்லாம் கிடைக்கும். என்னைக் கேட்டால் புது டூப்ளிகேட்டைவிடக் கீறல் விழாத பழைய ஒரிஜினல் மேல். வெளிச்சத்தை வெட்டுகிற வேலை லென்ஸிலும் உள் வளைவிலும்தான் இருக்கிறது, மலிவுச் சரக்கில் அதுதான் தேறாது. பல்பு வாங்கும்போது பழைய பல்பின் அடியில் இருக்கிற எழுத்தைப் படித்துக்கொண்டு போங்கள். எச்8, எச்11, எச்16 மூன்றும் பார்க்க ஒரே ஜாடை. முதலாவது 35 வாட், அடுத்தது 55, மூன்றாவது 19. 35 வாட் கூட்டில் 55ஐத் திணித்துக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். நாலு நாள் நன்றாக எரியும், அப்புறம் பிளாஸ்டிக் உருகும். எல்இடி மாற்றிக்கொள்ளுங்கள் என்ற உபதேசமும் வரும். இழை பல்புக்காக வளைத்த கூட்டில் அதைப் போட்டால் வெளிச்சம் கண்டபடி சிதறி எதிரே வருகிறவர் கண்ணில்தான் அடிக்கும்.

மாட்டுவது அரை மணி நேரம். விளக்கு அணைந்து, சாவி வெளியே, பல்பு ஆறியிருக்க வேண்டும். இடப் பக்க விளக்கு என்றால் ஸ்டியரிங்கை முழுக்க வலப் பக்கம் ஒடியுங்கள். டயர் உள்ளே திரும்பி முன்னால் கை போக இடம் கிடைக்கும். ஜாக்கி வேண்டியதில்லை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகவே கூடாது. சக்கரத்துக்கு முன்னால் இருக்கிற பிளாஸ்டிக் தடுப்பில் இரண்டு மூன்று ஸ்க்ரூ, கிளிப் கழற்றி மடக்கினால் விளக்கின் முதுகு தெரியும். கனெக்டரின் நாக்கை அழுத்தி இழுக்க வேண்டும், வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பல்பு பெரும்பாலும் இடஞ்சுழியாகத் திருப்பினால் வந்துவிடும். புதுசின் கண்ணாடியில் விரல் படவேண்டாம், கையிலிருக்கிற எண்ணெய்ப் பசை சூட்டில் அந்த இடத்தையே வெடிக்க வைக்கும். அசெம்பிளியைப் பிடித்திருப்பது சாதாரணமாக இரண்டு மூன்று ஸ்க்ரூ. சில வண்டிகளில் பம்பரையே இறக்கித்தான் ஆக வேண்டும். அப்படிப்பட்ட வண்டி என்றால் மெக்கானிக்கிடம் போய்விடுங்கள், வீரம் வேண்டாம். வயரை வெட்டி ஒட்டுகிற ஆளிடம் மட்டும் போகாதீர்கள். வாரண்டி இருந்தால் அதுவும் போய்விடும்.

இதோடு நிறுத்திவிட்டுத்தான் எல்லோரும் கை கழுவுகிறார்கள். எனக்கு இதில்தான் கோபம். புது விளக்கு நிமிர்ந்து நின்றால், ஓரத்தில் வருகிற சைக்கிள்காரருக்கு உடைந்த விளக்கைவிட அது பெரிய தொல்லை. இருட்டினபிறகு சமதளத்தில் சுவரிலிருந்து 25 அடி தள்ளி வண்டியை நிறுத்துங்கள். தரையிலிருந்து விளக்கின் நடு எவ்வளவு உயரம் என்று அளந்து அதே உயரத்தில் சுவரில் ஒரு சாக்பீஸ் கோடு. வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்குச் சுமார் 4 அங்குலம் கீழே விழ வேண்டும். விளக்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், அதைத் திருப்பினால் ஏறும், இறங்கும். இரண்டு பக்கமும் ஒரே மட்டமாக வரும்வரை விடாதீர்கள்.

பின்பக்க ஃபாக் லைட்டையும் அப்போதே போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு பக்கம் மட்டும் எரிந்தால் பதற வேண்டாம், பல கார்களில் இருப்பதே ஒன்றுதான். பனி விலகினதும் அதை அணைக்க வேண்டும், பின்னால் வருகிறவருக்கு அந்தச் சிவப்பு ரொம்ப உறுத்தும்.

நம் அபார்ட்மெண்டுகளில் 25 அடி சமதளமும் காலிச் சுவரும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கேட்டுக்கு எதிர்ச் சுவர் காலியாக இருக்கும். தர்வானிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சுவரில் கோடு போடுகிற மதராஸியைப் பார்த்தால் வீட்டு ஓனரைக் கூப்பிட்டுவிடுவார்.