மார்ச் 31-க்குள் ஒரு பாலம்

கேரளத்தின் வயநாட்டில் உள்ள சூரல்மலையில் நிரந்தரப் பாலம் கட்டப் பணம் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால், அது எந்தக் கணக்கில் வந்த பணம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. வயநாட்டுக்கு மத்திய அரசு 2025 பிப்ரவரியில் ஒதுக்கிய ரூ.529.50 கோடி நிவாரணம் அல்ல, கடன். வட்டி கிடையாது, திருப்பிச் செலுத்த 50 ஆண்டு அவகாசம் உண்டு என்பதெல்லாம் சரிதான். ஆனால் 16 பணிகளுக்கான அந்தத் தொகையை அந்த ஆண்டு மார்ச் 31-க்குள் செலவழிக்க வேண்டும் என்றார்கள். கேரளத்துக்குத் தகவல் கிடைத்ததோ பிப்ரவரி நடுவில்.

பாலம் எப்படிக் கட்டப்படுகிறது என்பது அந்த நிபந்தனையை எழுதியவர்களுக்குத் தெரியாது என்று நாம் நம்பவில்லை. 2024 ஜூலை 30 அதிகாலையில் மலை சரிந்து, ஆறே தடம் மாறிய இடம் சூரல்மலை. உருண்டு வந்து குவிந்த பாறைகளுக்கு அடியில் கெட்டி நிலம் எங்கே இருக்கிறது என்று துளையிட்டுப் பார்க்க வேண்டும். வெள்ளம் எந்த மட்டத்துக்கு ஏறியது என்று கணக்கிட்டு, பழைய பாலத்தைவிட உயர்த்தி வரைபடம் போட வேண்டும். பிறகு மதிப்பீடு, தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர், அதைத் திறப்பது, விலை பேசுவது, வேலை உத்தரவு. இத்தனையும் ஒரே வாரத்தில் முடிந்ததாகவே வைத்துக்கொள்வோம். முதல் தூணுக்குக் கான்கிரீட் போட்டால், அதன் சோதனைக் கட்டிகளை 28 நாள் தண்ணீரில் வைத்திருந்துதான் உடைத்துப் பார்ப்பார்கள். சிவில் படிக்கும் எந்த மாணவரும் சொல்லிவிடுவார். கொடுத்த ஆறு வாரத்தில் நான்கு வாரம் ஒரு தூணின் சோதனைக்கே போய்விடும். மாநில அரசு ஏறக்குறைய 35 கோடி ரூபாயில் திட்டமிட்ட பாலமோ, அணுகுசாலைகளையும் சேர்த்தால் கால் கிலோமீட்டருக்கு மேல் நீளம்.

மாநிலங்களின் மூலதனச் செலவுக்குக் கடன் தரும் திட்டத்தின் பொது விதி இது, வயநாட்டுக்கென்று யாரும் தனியாக எழுதவில்லை என்று விளக்கம் வரும். அதுதான் நம் புகாரே. ஏற்கெனவே பாதி முடிந்த மேம்பாலத்துக்கும் மருத்துவமனைக் கட்டடத்துக்கும் நிதியாண்டின் கடைசித் தேதி பொருந்தும். ஊர் முழுக்கப் புதைந்த இடத்தில், மக்களைக் குடியமர்த்தும் நிலத்துக்கே நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, அதே தேதியை நீட்டியது கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்தும் வேலை. நிலச்சரிவை ‘தீவிரப் பேரிடர்’ என்று ஒரு வரி எழுதித் தர 2024 டிசம்பர் கடைசி வரை ஐந்து மாதம் எடுத்துக்கொண்டவர்கள்தான் பிறகு அவசரப்படுத்தினார்கள். அந்த ஐந்து மாதத்தில் மண் பரிசோதனையாவது முடிந்திருக்கும்.

அவசரம் என்றால் என்னவென்று அறிய விரும்புவோர் அதே ஆற்றங்கரையில் நிற்கும் பெய்லி பாலத்தைப் பார்க்கலாம். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று நாம் அறிந்த ராணுவப் பொறியாளர் படையினர், கொட்டும் மழையில் இரவு பகலாக நின்று, ஆகஸ்ட் 1 மாலைக்குள் 190 அடி நீளப் பாலத்தைப் பூட்டிமுடித்தார்கள். டில்லியிலிருந்து விமானத்தில் கண்ணூருக்கும், அங்கிருந்து லாரியில் மலைக்கும் இரும்புச் சட்டங்கள் வந்தன. இரண்டாம் உலகப் போரில் டொனால்ட் பெய்லி என்ற ஆங்கிலேயர் வடிவமைத்த முறை அது. பத்தடிச் சட்டம் ஒன்றை ஆறு பேர் தூக்கிவிடலாம். ஊசி அடித்துக் கோத்து, ஒரு கரையிலிருந்து உருளைகள் மேல் மறுகரைக்குத் தள்ளிவிடலாம். ஆற்றுக்கு அப்பாலுள்ள முண்டக்கைக்கு மண்வாரி இயந்திரமும் ஆம்புலன்ஸும் போனது அதன் மேல்தான். ஆனால் அது 24 டன் தாங்கும் தற்காலிகப் பாலம். நிரந்தரப் பாலம் வரும்வரை இருக்கட்டும் என்று விட்டுப்போயிருக்கிறார்கள். அடுத்த பருவமழை தொடங்கும்போதும் அட்டமலைக்கும் முண்டக்கைக்கும் வழி அது ஒன்றுதான் என்ற நிலை.

பேரிடர் நிதிக் கணக்கில் மாநிலத்திடம் ஏற்கெனவே பணம் இருக்கிறதே என்பது மத்திய அரசின் வழக்கமான பதில். மாநிலம் முழுவதற்கும், எல்லா மழைக்கும் உரிய இருப்பு அது. மறுகட்டுமானத்துக்கென்று கேரளம் தனியாகக் கேட்டது ரூ.2,200 கோடிக்கு மேல்.

டில்லி மேசைகளின் பழைய கணக்கும் நினைவுக்கு வருகிறது. 2018 பெருவெள்ளத்தில் கேரளத்துக்கு அனுப்பிய 89,540 டன் அரிசிக்கு ரூ.205.81 கோடி பில் போட்டு, விடாமல் துரத்தி, பணம் தர ஒப்புக்கொள்ள வைத்தார்கள். 2024-இல் அடுத்த பில்: வயநாடு உட்பட, ஹெலிகாப்டரில் ஆட்களை மீட்டதற்கு ரூ.132.62 கோடி. கூரையில் நின்று கைகாட்டியவரிடம் டிக்கெட் கேட்காததுதான் பாக்கி. நமக்கும் அனுபவம் உண்டு. 2023 டிசம்பரில் சென்னையும், பின்னர் தூத்துக்குடியும் நெல்லையும் மூழ்கியபோது தமிழகம் கேட்டது ரூ.37,907 கோடி. பார்வையிட வந்த குழுக்களுக்குக் குறைவில்லை. அடுத்த ஏப்ரலில், அதுவும் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டிய பிறகு, கைக்கு வந்தது ரூ.276 கோடி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை அந்த ஒதுக்கீட்டில் எங்கே தேடுவது?

ஒவ்வொரு முறையும் விதி ஒன்று கையில் தயாராக இருக்கிறது. அதை எழுதியவர் யார், திருத்தக்கூடியவர் யார் என்பது மட்டும் வெளியே தெரிவதில்லை. நிதி காலாவதியானால் ‘நாங்கள் கொடுத்தோம், அவர்கள் செலவழிக்கவில்லை’ என்று நாடாளுமன்றத்தில் ஒரு பதில் வாசிக்கலாம். அந்தப் பதிலை எழுதி வைத்துக்கொண்டுதான் தேதியைக் குறித்தார்களோ என்று சந்தேகிப்பவர்களைக் குறைசொல்ல முடியாது. சூரல்மலையிலும் முண்டக்கையிலும் புதைந்தவர்களில் பலர் தேயிலைத் தோட்டக் கூலிகள், அவர்களில் தமிழர்களும் உண்டு. அவர்களுடைய ஊருக்குப் பாலம் கட்ட அவர்களுடைய பேரன்மார் தவணை கட்ட வேண்டும் என்பதை எந்தக் கூச்சமும் இல்லாமல் உதவி என்று சொல்கிறார்கள்.

பேரிடருக்கு ஒரு விதி, சாலைத் திட்டத்துக்கு ஒரு விதி என்று பிரித்துப் பார்க்க ஏதாவது ஏற்பாடு வேண்டும். கடனை மானியமாக மாற்ற மனமில்லை என்றால், தேதியையாவது அப்போதே தள்ளிவைத்திருக்க வேண்டும். மாநில அரசும் கடிதத்துக்குக் கடிதம் எழுதுவதோடு நிற்காமல், டெண்டர் வேலையை உடனே தொடங்க வேண்டியிருந்தது. டில்லியில் யாரேனும் மனம் மாறுவதற்குள் மழை வந்துவிடும்.