அரங்கில் தொட்டிலுக்கு இடமில்லையா?

இசையரங்கிற்குக் கைக்குழந்தையைக் கொண்டுவருவது அநாகரிகம் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. கைக்குழந்தைகளுக்கு அனுமதியில்லை என்று நுழைவுச் சீட்டில் ஒரு வரி அச்சாகிவிட்டால், அதற்குமேல் எவரும் சிந்திப்பதில்லை. மேடையில் பாடுபவர் அக்குழந்தையின் தாயே ஆனாலும், மிருதங்கம் வாசிப்பவர் அதன் தந்தையே ஆனாலும், அந்த வரி விலகுவதில்லை. இவ்வழக்கம் நியாயமானதன்று என்பதே நமது கருத்து.

இராஜா அண்ணாமலைபுரத்தில் இருந்துகொண்டு இதைப் பேசுவது பொருத்தமே. தமிழ்ப் பாட்டுக்குக் கச்சேரி மேடையில் உரிய இடம் மறுக்கப்பட்ட காலத்தில் தமிழிசை இயக்கத்திற்குத் தூணாய் நின்ற இராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் பெயரைத் தாங்கிய பகுதி இது. அவ்வியக்கத்தின் பயனாக 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. இப்பகுதியின் கிரீன்வேஸ் சாலையில்தான் அரசின் இசைக் கல்லூரியும், 2013இல் சட்டமியற்றி நிறுவப்பட்ட இசை, கவின்கலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. அங்கே ஆண்டுதோறும் இளம்பெண்கள் இசையும் நடனமும் பயில்கின்றனர். நாளை அவர்களுள் பலர் தாய்மார் ஆவர். அப்போது மேடை அவர்களை எவ்வாறு நடத்தும்?

"பிள்ளை பெற்றவள் சில மாதம் வீட்டில் இருக்கட்டுமே" என்பர் சிலர். கேட்பதற்கு அன்பான சொல்தான். ஆனால் வீட்டில் இருக்கும் காலத்திற்கு ஊதியம் தருபவர் யார்? மகப்பேற்று விடுப்பை ஊதியத்துடன் 26 வாரங்களாக உயர்த்தியது 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும் அது பணித்தது. நிலையான வேலையில் இருப்போர்க்கு இது பெரும் பேறு. ஒரு மாலைக்கு இவ்வளவு என்று சன்மானம் பெறும் கலைஞருக்கோ முதலாளியும் இல்லை, விடுப்பும் இல்லை. ஒரு மார்கழியைத் தவறவிட்டவர் அடுத்த மார்கழிவரை காத்திருக்க வேண்டும். அதற்குள் அவருடைய இடத்தில் வேறொருவர் அமர்ந்திருப்பார். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும் தென்மாவட்டத்து ஸ்பெஷல் நாடகங்களில் நடித்துப் பிழைக்கும் பெண்களின் நிலை இதனினும் கொடிது. பால் மணம் மாறாப் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வண்டியேறுவது அவர்கள் விரும்பித் தேர்ந்த வழியன்று.

"கச்சேரியின் அமைதி கெடுமே" என்பது அடுத்த வாதம். நம் இசை வரலாற்றையே இதற்கு விடையாக வைப்போம். ஜார்ஜ் டவுனில் இருந்த தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வீணை தனம்மாள் (1867-1938) வாசிப்பார். மேதைகள் அங்கே மூச்சடக்கி அமர்ந்து கேட்பர். ஆயினும் அது பேரப்பிள்ளைகள் நிறைந்த வீடு. பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி ஆகியோர் பாட்டியின் வீணையைக் கேட்டே வளர்ந்தவர்கள். பின்னாளில் பாலசரஸ்வதி ஆடியபோது உடனிருந்து பாடியவர் அவருடைய தாய் ஜயம்மாள். ஒரு கூரையின்கீழ் பேரமைதியும் குழந்தைகளும் சேர்ந்தே இருந்ததால் கலை கெடவில்லை. தலைமுறை தலைமுறையாய்த் தழைத்தது. இசையைக் குழந்தையின் காதுக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, இளைய தலைமுறை கச்சேரிக்கு வருவதில்லையே என்று அழுவதில் என்ன பொருள்?

உண்மையில் அக்குழந்தை அரங்கிற்குப் புதியதும் அன்று. கருவின் ஆறாம் மாதமளவில் செவி ஒலியை உணரத் தொடங்கிவிடுகிறது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்கள் பிற பெண்களின் குரலைவிடத் தாயின் குரலையே விரும்பித் தேடுவதை டிகாஸ்பர், ஃபைஃபர் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 1980இல் சோதனை வழியாகக் காட்டினர். ஏழாம் மாதம்வரை மேடையேறிப் பாடிய தாயின் கச்சேரிகளை அக்குழந்தை உள்ளிருந்தே கேட்டிருக்கிறது. சீட்டின்றி அன்று கேட்டதை இன்று தந்தையின் மடியிலிருந்து கேட்கக் கூடாதா?

"இரைச்சல் குழந்தைக்குக் கேடல்லவா" என்று கேட்போர் உண்டு. இது மெய்யான கவலை. இதை நாமும் ஏற்கிறோம். கேளிக்கை அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டலாகாது என 2022இல் உலக நலவாழ்வு அமைப்பு வரையறுத்தது. அதுவும் வளர்ந்தோரை எண்ணி வகுத்த உச்ச வரம்பே. பச்சிளங்குழந்தைக்கு அதனினும் மிகக் குறைந்த ஒலியே தகும். ஆகவே ஒலிபெருக்கியின் அருகில் எந்தக் குழந்தையையும் அமர்த்தலாகாது. ஆனால் அதற்கு மருந்து கதவை அடைப்பதா, ஒலியைக் குறைப்பதா? சிசுவின் செவியைப் புண்படுத்தும் ஓசை முதியோரின் செவிக்கு அமுதமாகிவிடுமோ?

தமிழகத்துப் பேருந்து நிலையங்களில் 2015ஆம் ஆண்டு தாய்மார் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. புழுதியும் இரைச்சலும் நிறைந்த இடத்திலேயே அது இயன்றது. குளிரூட்டிய நம் அரங்குகளுள் எத்தனையில் அத்தகைய அறை உண்டு என்று எண்ணிப் பாருங்கள். சிற்றுண்டிக்குப் பந்தல் போட இடம் கிடைக்கிறது. தொட்டில் கட்டத்தான் இடமில்லை! மகாராட்டிரச் சட்டமன்ற உறுப்பினர் சரோஜ் அஹிரே 2022 டிசம்பரில் இரண்டரை மாதக் குழந்தையை ஏந்தியவராய் நாக்பூர்ப் பேரவைக்கு வந்தார். மக்கள் மன்றத்திற்குள் குழந்தை வரலாமாம். இசை மன்றத்திற்குள் மட்டும் வரலாகாதாம்!

சபாக்களை நோக்கி விரல் நீட்டும் நாம் நம் ஆலயங்களையும் பார்க்க வேண்டும். திருமணத்திற்கு முன் பாடகற்குழுவில் முன்வரிசையில் நின்ற பெண், பிள்ளை பெற்றபின் எங்கே போகிறார்? பின்வாசலருகே குழந்தையைத் தோளில் தட்டியபடி நிற்கிறார். குழந்தை சிணுங்கியதும் பத்துத் தலைகள் திரும்புகின்றன; அவர் வெளியே போய்விடுகிறார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2014 ஜனவரியில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் 32 குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தபோது, பசித்தழும் பிள்ளைக்கு அங்கேயே பாலூட்டத் தயங்க வேண்டாம் என்று தாய்மாரிடம் கூறினார். உலகப் புகழ் பெற்ற அச்சிற்றாலயத்தின் மாண்பு அதனால் குறைந்துவிடவில்லை. நம் பங்குக் கோவிலின் மாண்பு மட்டும் குறைந்துவிடுமா?

நாம் கேட்பவை பெரியன அல்ல. மேடைக்குப் பின்னால் பாலூட்டவும் உறங்கவைக்கவும் தூய்மையான ஓர் அறை. அரங்கின் கடைசியில் கண்ணாடித் தடுப்பிட்ட சிறிய இடம். உள்ளே மெல்லிய ஒலியில் இசை. கலைஞரின் குழந்தைக்கும் அதனுடன் வரும் ஒருவருக்கும் தடையற்ற நுழைவு. செலவு சிறிது, வேண்டியது மனம்.

குழந்தை அழுதால் ஒரு கணம் கச்சேரி தடைப்படும், மறுகணம் தொடரும். தாய்க்குக் கதவு அடைபட்டால் அவருடைய பாட்டே நின்றுவிடும். இவ்விரண்டில் எதை நாம் பொறுத்துக்கொள்ளப் போகிறோம்?