அண்டாவுக்குச் சுங்கத்தில் என்ன பெயர்?



நமுனுகுல மலையடிவாரத்தில் ஒரு தோட்டத்து மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மழை. மலையுச்சி கண்ணில் படவே இல்லை. கொழுந்து நிறுத்து முடித்துவிட்டுப் பெண்கள் வந்து சேர மாலை ஐந்து மணியாகிவிட்டது. பேச வேண்டிய விடயம் ஒன்றுதான். அது அண்டா.

தோட்டத்தில் மரண வீடு, சடங்கு வீடு, கோயில் திருவிழா என்று எது வந்தாலும் பெரிய பாத்திரங்களை ரவுனில் இருந்துதான் வாடகைக்கு எடுக்க வேண்டும். பாத்திர வாடகையைவிட வண்டிக் கூலி அதிகம். சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசில் சொந்தமாகப் பாத்திரம் வாங்கி வாடகைக்கு விட்டால் சங்கத்துக்கும் வருமானம் என்று யோசனை சொன்னவர் செயலாளர் அக்கா. அவருடைய கதை உங்களில் பலருக்குப் புதிதாக இராது. 1983 கலவரத்தில் பதுளையை விட்டு வன்னிக்குப் போன குடும்பம். அங்கேயே வளர்ந்து, அங்கேயே கலியாணம் முடித்து, 2009இல் கணவனை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு தாயின் லயத்துக்கே திரும்பி வந்தவர். "இடம்பெயர்ந்த ஒவ்வொரு ஊரிலும் ஒரு சட்டியை விட்டுட்டு வந்திருக்கேன் மிஸ். கணக்குப் பார்த்தா ஒரு கடையே வைக்கலாம்" என்று சிரித்துக்கொண்டு சொன்னார்.

இவருடைய சின்னம்மாவின் குடும்பம் 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் போய்க் கோத்தகிரியில் குடியேறியது. சின்னம்மாவின் மகள் அங்கிருந்து போன் எடுத்து, "இங்கே பாத்திரம் மலிவு அக்கா, வாங்கிக் கப்பலில் போட்டு விடட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். சாமான் இறக்கிக் கொடுக்கும் ஒருவரிடம் அக்கா விசாரித்தார். அவர் ஒரு துண்டில் ஒரு தொகையை எழுதி, "பாத்திரம் என்றால் எல்லாத்துக்கும் ஒரே வரிதான்" என்று கொடுத்துவிட்டார். சீட்டுக் காசில் பாதி அதற்கே போய்விடும். கூட்டத்தில் எல்லோருடைய முகமும் விழுந்துவிட்டது.

எல்லாத்துக்கும் ஒரே வரி என்பது சரியல்ல. இந்த மாதப் பக்கத்தை அதை விளக்கவே எடுத்துக்கொள்கிறேன். கொஞ்சம் எண்கள் வரும். சீட்டுக் கணக்கை விரல் நுனியில் வைத்திருக்கும் உங்களுக்கு இது பெரிய காரியமில்லை.

உலகத்தில் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. பிரசல்ஸ் நகரில் உள்ள உலகச் சுங்க அமைப்பு இந்த எண்களை நிர்வகிக்கிறது. 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த முறையை இன்று 200க்கும் மேற்பட்ட நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும் பின்பற்றுகின்றன. முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாட்டுக்கும் பொது. அதற்குப் பின்னால் ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கு இலக்கங்களைச் சேர்த்துக்கொள்ளும். நமது சுங்கத் திணைக்களம் எட்டு இலக்கம் வைத்திருக்கிறது.

நமக்குப் பாத்திரம் என்றால் சோறு ஆக்குவது, கறி காய்ச்சுவது. சுங்கம் அப்படிப் பார்ப்பதில்லை. இது எதனால் செய்யப்பட்டது என்பதுதான் அங்கே முதல் கேள்வி. மண் சட்டி 69.12 என்ற தலைப்பில் வரும். பீங்கான் என்றால் 69.11. கண்ணாடிப் பாத்திரம் 70.13. இரும்பு, உருக்கு, எவர்சில்வர் எல்லாம் 73.23. செம்பும் பித்தளையும் 74.18. அலுமினியம் 76.15. பிளாஸ்டிக் 39.24, மரத்தால் ஆனவை 44.19. சோறு அள்ளும் உலோகக் கரண்டியும் அகப்பையும் சட்டியோடு சேராமல் 82.15இல் தனியாக நிற்கும். மின்சாரத்தில் வேலை செய்யும் றைஸ் குக்கர், உள்ளே அலுமினியச் சட்டி இருந்தாலும், மின்சாதனங்களோடு 85.16க்குப் போய்விடும்.

இரும்புக்குள்ளேயும் பிரிவு இருக்கிறது. வார்ப்பிரும்புத் தாச்சி ஒன்று, எவர்சில்வர் இன்னொன்று, பிரட்டுக்களத்துக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோன அந்தக் காலத்து இனாமல் கோப்பை வேறொன்று. எவர்சில்வர் என்று சொல்வதற்கும் வரையறை உண்டு. உருக்கில் குரோமியம் 10.5 வீதத்துக்குக் குறையாமலும் கரி 1.2 வீதத்துக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். காந்தம் ஒட்டினால் போலி என்று கடையில் சொல்வார்கள். அதை நம்பி நல்ல பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். காந்தம் ஒட்டும் எவர்சில்வரும் இருக்கிறது, ஒட்டாததும் இருக்கிறது.

இரண்டு உலோகம் கலந்திருந்தால்? எடையில் எது கூடவோ அதன் பெயர்தான் பாத்திரத்துக்கு. அடியில் செம்பு பூசிய எவர்சில்வர் பானை செம்பு ஆகாது. பித்தளையில் துத்தநாகம் இருந்தாலும் செம்புதான் கூட, ஆகவே அது செம்பின் பக்கம். நொன்ஸ்டிக் தாச்சியின் மேற்பூச்சை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அடியில் இருப்பது அலுமினியம் என்றால் அலுமினியம்தான்.

இனி அக்காவின் கையில் இருந்த பட்டியலுக்கு வருவோம். கோத்தகிரித் தங்கச்சி கடைக்காரர் எழுதிக் கொடுத்ததைப் படம் பிடித்துப் போனில் அனுப்பியிருந்தார். "பித்தளை அண்டா 2, ஈயக் குண்டான் 3, சில்வர் வாளி 4, கரண்டி 6." படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

நமது வீடுகளில் அலுமினியத்தை ஈயம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் காரீயம் ஓர் உலோகம், பித்தளைக்கு உள்ளே பூசும் வெள்ளீயம் இன்னோர் உலோகம். சுங்கப் பட்டியலில் காரீயம் 78ஆம் அத்தியாயம், வெள்ளீயம் 80ஆம் அத்தியாயம், அலுமினியம் 76. சில்வர் வாளி அதைவிட மோசம். அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் அப்படியே எழுதினால் அது வெள்ளி. வெள்ளிச் சாமான் தங்கத்தோடும் முத்தோடும் 71ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. சாம்பார் வாளிக்கு அங்கே என்ன வேலை? அதிகாரி பெட்டியைத் திறந்து பார்த்தால் விளங்கிக்கொள்வார், உண்மைதான். ஆனால் அதுவரை பெட்டி கிடக்கும். கிடக்கும் நாளுக்கும் காசு.

2004 டிசம்பர் 26 கடற்கோளுக்குப் பிறகு வெளிநாடுகள் அனுப்பிய நிவாரணக் கொள்கலன்கள் கொழும்புத் துறைமுகத்தில் தேங்கிக் கிடந்ததைக் கிழக்கில் இருக்கும் சகோதரிகள் மறந்திருக்க மாட்டார்கள். முகாமில் சட்டி இல்லாமல் ஒன்றாக ஆக்கித் தின்ற நாட்களில், துறைமுகத்தில் பெட்டிகள் கடதாசிக்காகக் காத்திருந்தன. கடதாசியில் எழுதும் சொல் அவ்வளவு முக்கியம்.

அடுத்தது வரிக் கணக்கு. இதை நன்றாகக் கவனியுங்கள். பாத்திரத்தின் விலைக்கு மட்டும் வரி என்று பலர் நினைக்கிறோம். நமது நாட்டில் விலையோடு கப்பல் கூலியையும் காப்புறுதியையும் கூட்டி வரும் தொகைக்குத்தான் வரி. ஒரு பேச்சுக்கு, பித்தளை அண்டா 40,000 ரூபாய், அனுப்பும் செலவு 10,000 ரூபாய் என்று வைப்போம். கணக்குத் தொடங்கும் தொகை 50,000. இறக்குமதித் தீர்வை 20 வீதம் என்று எடுத்துக்கொண்டால் அது 10,000. இப்போது 60,000. பெறுமதி சேர் வரி, அதாவது வற், 2024 ஜனவரி 1 முதல் 18 வீதம். அந்த வீதத்தை இந்த 60,000க்குப் போட்டால் 10,800. மொத்தம் 70,800 ரூபாய்.

தீர்வையே இல்லாவிட்டால் என்ன ஆகும்? 50,000க்கு வற் 9,000. மொத்தம் 59,000. இரண்டுக்கும் வித்தியாசம் 11,800. தீர்வை 10,000தானே, மிச்சம் 1,800 எங்கிருந்து வந்தது? தீர்வைக்கும் வற் விழுந்திருக்கிறது. வரிக்கு வரி! இது கணக்கு விளங்குவதற்காக நான் சுருக்கிச் சொன்னது. உண்மைக் கணக்கில் துறைமுக, விமான நிலைய அபிவிருத்தி அறவீடு, 2022 ஒக்டோபரில் வந்த சமூகப் பாதுகாப்பு உதவுதொகை அறவீடு எல்லாம் சேரும். உள்ளூரில் செய்பவர்களைக் காப்பாற்ற என்று சில பொருட்களுக்கு செஸ் என்ற அறவீடும் உண்டு. வீதங்கள் பட்ஜட்டோடும் வர்த்தமானியோடும் மாறும், எண்ணுக்கு எண் வேறுபடும். அதனால்தான் வீதத்தைப் பாடமாக்காமல் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள் என்கிறேன். எண் தெரிந்தால் அன்றைய வீதத்தைச் சுங்கத்தின் தீர்வை வழிகாட்டியில் பார்த்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் இருக்கும். உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

வீதம் மாறாமலே வரி கூடிய காலத்தையும் பார்த்துவிட்டோம். 2022 மார்ச்சில் டொலர் 200 ரூபாயளவில் இருந்து, மே மாதத்தில் 360 ரூபாயளவுக்குப் போனது. 100 டொலர் சரக்குக்கு 10 வீத வரி முன்பு 2,000 ரூபாய், பிறகு 3,600 ரூபாய். அரசாங்கம் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. அந்த ஆண்டு ஓகஸ்ட்டில் 300 வரையான பொருள் வகைகளின் இறக்குமதியே நிறுத்தப்பட்டபோது, அந்தப் பட்டியலும் இந்த எண்களை வைத்துத்தான் வந்தது. பின்னர் படிப்படியாகத் தளர்த்தினார்கள்.

இந்தியாவிலிருந்து வருவதால் சலுகை இல்லையா என்று ஒரு தங்கச்சி கேட்டார். நல்ல கேள்வி. இந்திய - இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 1998 டிசம்பரில் கைச்சாத்தாகி 2000 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் சலுகை இல்லாத பொருட்களின் விலக்குப் பட்டியல் நம் பக்கம் நீளமானது. அதிலும் எண்ணைப் பார்த்துத்தான் தேட வேண்டும். பட்டியலில் இல்லாத பொருளென்றால், அது இந்தியாவில் செய்தது என்ற உற்பத்திச் சான்றிதழும் வேண்டும். கடைச் சிட்டை மட்டும் காணாது.

இந்த உடன்படிக்கையில் செம்புக்கு ஒரு கதை உண்டு. அன்று செம்புக்கு இந்தியாவில் தீர்வை கூட, இங்கே குறைவு. இந்திய முதலாளிமார் இலங்கைக்கு வந்து ஆலை போட்டார்கள். வெளிநாட்டிலிருந்து செம்புக் கழிவை இங்கே இறக்கி, உருக்கி, தீர்வை இல்லாமல் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். 2000களின் நடுப்பகுதியில் நாம் இந்தியாவுக்கு அனுப்பியவற்றில் செம்பும் வனஸ்பதியும் பெரும் பங்கு. பிறகு இந்தியா கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆலைகள் மூடப்பட்டன, வேலை செய்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். இரண்டு நாட்டு அட்டவணையில் இருந்த இரண்டு எண்ணின் வித்தியாசத்தில் பிழைத்த தொழில் அது.

சரி, அண்டாவுக்கு வருகிறேன். கோத்தகிரித் தங்கச்சி ஊருக்கு வரும்போது பயணப் பொதியில் கொண்டுவரட்டும் என்றும் ஒருவர் சொன்னார். வீட்டுப் பாவனைக்கு ஒன்றிரண்டு கொண்டுவருவது வேறு. வாடகைக்கு விடுவதற்கென்று மூன்று குண்டானும் நான்கு வாளியும் வந்தால் அது வியாபாரச் சரக்கு. பயணிகளுக்குரிய சலுகையை அதற்குக் கேட்க முடியாது. மத்திய கிழக்கிலிருந்து திரும்பும் சகோதரிகளும் இதை மனதில் வையுங்கள்.

கூட்டத்திலேயே பட்டியலைத் திருத்தி எழுதினோம். பித்தளை அண்டா, அலுமினியக் குண்டான், துருப்பிடிக்காத உருக்கு வாளி, துருப்பிடிக்காத உருக்குக் கரண்டி. ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கை, எடை, தனி விலை. பிறகு அக்கா அந்த மனிதருக்குப் போன் எடுத்து, "ஐயா, எந்தெந்தத் தலைப்பில் எவ்வளவு வரி என்று பிரித்து எழுதித் தாங்கோ" என்றார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. இரண்டு நாளில் வேறொரு துண்டு வந்தது. தொகை குறைந்திருந்தது. ஏன் குறைந்தது என்று அவரும் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை.

பிரித்துப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. அலுமினியக் குண்டானும் வாளியும் கப்பல் கூலி, வரி எல்லாம் சேர்ந்தபின் பதுளைக் கடை விலையையே தொட்டுவிட்டன. அவற்றை இங்கேயே வாங்குவது என்று முடிவானது. கோத்தகிரியிலிருந்து வரப்போவது பித்தளை அண்டா ஒன்று மட்டும். வந்ததும் உள்ளே வெள்ளீயம் பூச்சு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பூச்சுப் போன பித்தளையில் புளி சேர்த்துச் சமைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு எழும்பினேன்.

அப்போதுதான் வாடகைப் பேச்சு தொடங்கியது. சடங்கு வீட்டுக்கு எவ்வளவு, கோயிலுக்கு எவ்வளவு என்று சத்தம். மரண வீட்டுக்கு வாங்குவதா வேண்டாமா என்பதில் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. நான் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்துவிட்டேன். முடிவு என்னவென்று அக்கா இன்னும் எழுதவில்லை.