மன்னிப்புச் சீட்டுகள், பழையதும் புதியதும்

லூதர் 1517ல் எதிர்த்துக் கிளம்பியது ஒரு அச்சடித்த படிவத்தை. பாவத்தின் தண்டனையிலிருந்து விடுதலை தருவதாகச் சொன்ன அந்தச் சீட்டில் வாசகம் முன்கூட்டியே அச்சாகியிருக்கும். வாங்குகிறவர் பெயருக்கும் தேதிக்கும் மட்டும் இடம் விட்டிருக்கும். குட்டன்பர்க் காலத்திலேயே, 1454-55ல், இப்படிப்பட்ட சீட்டுகள் அச்சேறிவிட்டன. (நாள் முழுக்கப் படிவங்களுக்கு நடுவே உட்கார்ந்து பிழைக்கிறவன் என்பதால் எனக்கு இதில் தனி அக்கறை. கோடிட்ட இடத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டவுடன் மனுஷர்கள் முகத்தில் வருகிற நிம்மதியை கவுண்டருக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கவேண்டும்.) அவருடைய 95 கூற்றுகளில் முதலாவது, விசுவாசியின் வாழ்க்கை முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்கவேண்டும் என்கிறது. 36ஆவது, மெய்யாக மனம் வருந்தினவனுக்குச் சீட்டு இல்லாமலே மன்னிப்பு உண்டு என்கிறது. அந்த மனிதரின் பெயரால் நடக்கிற சபைகள் இன்று தமக்குத் தாமே சீட்டு எழுதிக்கொள்கின்றன. அதற்கு இப்போது 'அறிக்கை' என்று பெயர்.

இலக்கியப் பத்திரிகையில் திருச்சபைக்கு என்ன வேலை என்று கேட்கப்போகிற நண்பர்கள் உண்டு. வீட்டிலிருக்கும் தாயையும் தெருக் குழந்தைகளையும் சந்தையில் நிற்கிறவனையும் கேட்டு, அவர்கள் வாயைப் பார்த்து மொழிபெயர்க்க வேண்டும் என்று 1530ல் வாதாடியவர் லூதர். அந்தப் பிடிவாதத்தின் வாரிசாகத்தான் சீகன்பால்கு 1706ல் தரங்கம்பாடியில் இறங்கினார். 1715க்குள் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாயிற்று. தமிழ் உரைநடையின் சரித்திரத்தை எழுத வருகிற யாரும் இந்தக் கடனைக் கணக்கில் எடுக்காமல் தப்ப முடியாது. வார்த்தை வந்தது; கூடவே சாதி சபைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதிய வேதநாயக சாஸ்திரியார் அதன் பக்கம் நின்று வாதாடினார். 1833ல் பிஷப் டேனியல் வில்சன் சாதியை விட்டுவிடும்படி சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சாவூர்ப் பக்கம் பலர் சபையை விட்டார்கள், சாதியை விடவில்லை. ஆகவே வார்த்தைக்கும் நடத்தைக்கும் நடுவிலுள்ள பள்ளம் ஜெர்மன்காரர்களின் தனிச்சொத்து அல்ல. ஆனால் அங்கேதான் அது எழுத்தில், நாள் தேதியோடு, வரி வரியாக வாசிக்கக் கிடைக்கிறது. வாசிப்பது நம் தொழில்தானே.

1934 மே மாதக் கடைசியில் பார்மனில் கூடியவர்கள் ஹிட்லரின் அரசுக்குச் சபையை அடகு வைக்க மறுத்து ஆறு பிரகடனங்கள் செய்தார்கள். பெரும்பாலும் கார்ல் பார்த் எழுதியவை. இரும்பால் அடித்தது போன்ற வாசகங்கள், இன்றும் மரியாதைக்குரியவை. ஆனால் ஆறில் ஒன்றிலும் யூதர்களைப் பற்றி ஒரு சொல் கிடையாது. யூத வம்சத்தில் பிறந்த போதகர்களை விலக்கும் சட்டத்தைப் பிரஷ்யச் சபை அதற்கு முந்தைய செப்டம்பரில்தான் ஏற்றுக்கொண்டிருந்தது. இந்த மௌனம் தன் குற்றமே என்று பார்த் 1967ல் ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார். தனி மனிதரின் கடிதம் அது. ஸ்தாபனத்தின் பாஷை வேறு.

அந்த பாஷைக்கு 1945 அக்டோபரில் வெளியான ஸ்டுட்கார்ட் அறிக்கையைப் பார்க்கவேண்டும். தங்களால் பல ஜனங்களுக்கும் தேசங்களுக்கும் எல்லையற்ற துன்பம் நேர்ந்தது என்று ஒரு வாக்கியம் வருகிறது. உண்மையான வாக்கியம். உடனே, அந்த ஆட்சியில் வெளிப்பட்ட ஆவியை எதிர்த்துத் தாங்கள் நெடுங்காலம் போராடியதாக ஒரு நினைவூட்டல். பிறகு தங்கள்மேல் தாங்களே சுமத்திக்கொள்ளும் குற்றம். மூலத்தில் அது நாலு ஒப்பீட்டுச் சொற்களில் நிற்கிறது. தமிழில் சொல்வதானால் நாலு தடவை 'இன்னும்' போடவேண்டும்: இன்னும் தைரியமாகச் சாட்சி சொல்லாதது, இன்னும் உண்மையாக ஜெபிக்காதது, இன்னும் மகிழ்ச்சியாக விசுவாசியாதது, இன்னும் கொழுந்துவிட்டு நேசிக்காதது. தைரியம் ஏற்கெனவே இருந்தது, கொஞ்சம் போதவில்லை, அவ்வளவுதான் என்று அர்த்தம். இதிலும் யூதர்கள் என்ற சொல் இல்லை. அது வருவதற்கு 1950ல் பெர்லின்-வைஸன்ஸேயில் கூடிய சபைமன்றம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கையெழுத்திட்ட பதினொரு பேரில் சிறையிருந்தவர்களும் இருந்தார்கள், அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு யோக்யதை கிடையாது. நான் இலக்கணத்தைப் பற்றித்தான் பேசுகிறேன்.

விட்டன்பர்க்கில் விஷயம் இதைவிடச் சிக்கலானது. எழுதுகிறவர்களான நமக்கு நேரடியாக உறைக்கக் கூடியது. லூதர் பிரசங்கம் செய்த நகர ஆலயத்தின் வெளிச்சுவரில் 1290 வாக்கில் செதுக்கிய கல் ஒன்று இருக்கிறது. ஒரு பெண்பன்றி, அதன் மடியில் யூதர்கள் பால் குடிக்கிறார்கள், ஒரு ரபி வாலைத் தூக்கிப் பின்பக்கம் பார்க்கிறார். 1543ல் லூதர் யூதர்களுக்கு எதிராக எழுதிய நூல் ஒன்றில் இந்தக் கல்லையே சந்தோஷமாக எடுத்து விளக்கியிருக்கிறார். அவருக்குப் பின்னால் அந்த நூலின் தலைப்பை ஒட்டிய வாசகத்தையும் கல்லுக்கு மேலே பொறித்துவிட்டார்கள். சந்தைக்காரனின் வாயைப் பார்த்து எழுதின அதே பேனா. சந்தைக்காரன் வாயில் என்னென்ன இருக்கும் என்பதும் நமக்குத் தெரியாததல்ல.

1988ல், கிழக்கு ஜெர்மனி இருந்தபோதே, அந்தக் கல்லுக்கு நேர் கீழே தரையில் ஒரு வெண்கலத் தகடு பதித்தார்கள். வடித்தவர் வீலாண்ட் ஷ்மீடல். வாசகம் எழுதியவர் யூர்கன் ரென்னர்ட் என்ற கவிஞர். கடவுளின் பெயரே அறுபது லட்சம் யூதர்களுக்குள் இறந்துபோனது, அதுவும் ஒரு சிலுவைச் சின்னத்தின் கீழ், என்பது அதன் சாரம். மூடிய தகடுகளின் இடுக்குகள் சிலுவையாக, அதன் வழியே அடியிலிருந்து ஏதோ பிதுங்கி மேலே வருகிறது. ஸ்டுட்கார்ட்டில் பதினொரு பேர் சொல்ல முடியாததை ஒரு கவிஞன் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டான். 'இன்னும்' எதுவும் இல்லை.

பிறகு நடந்ததைப் பாருங்கள். அந்தக் கல் தன்னையும் தன் ஜனத்தையும் இழிவுபடுத்துகிறது, அகற்றவேண்டும் என்று யூத சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் வழக்குத் தொடுத்தார். 2019ல், 2020ல், கடைசியாக 2022 ஜூனில் உச்சநிலை நீதிமன்றம் வரை தோற்றார். கல்லைத் தனியாகப் பார்த்தால் இழிவுதான், சந்தேகமில்லை. ஆனால் கீழே தகடும் பக்கத்தில் விளக்கப் பலகையும் இருப்பதால் அவமானச் சின்னம் எச்சரிக்கைச் சின்னமாகிவிட்டது என்பது தீர்ப்பு. கல்லை இறக்கிப் பக்கத்திலேயே வேறிடத்தில் வைக்கலாம் என்று சபை அமைத்த நிபுணர் குழுவே அதே ஆண்டில் சிபாரிசு செய்தது. சபை கேட்கவில்லை. கல் அங்கேயே இருக்கிறது.

கவிஞனின் வாக்கியம் என்னவாயிற்று? கல்லுக்கு எதிராக எழுதப்பட்ட வாக்கியம் கல்லுக்கு அனுமதிச் சீட்டாகிவிட்டது. மேலே பன்றி, கீழே கவிதை; கவிதை இருப்பதால் பன்றி இருக்கலாம். சரித்திரத்தை அழிக்கக் கூடாது என்ற வாதத்தை நான் ஏளனம் செய்யவில்லை. கல்லை உடைத்தெறிந்தால் அதை மறந்துவிடவும் வசதியாகும் என்பதும் உண்மையே. ஆனால் ஆலயச் சுவர் மியூசியம் அல்ல. அதன் உள்ளே இன்னும் ஆராதனை நடக்கிறது. அவமதிக்கப்பட்டவன் நேரில் வந்து 'இறக்கு' என்று சொல்லும்போது, 'கீழே எழுதியிருக்கிறோமே, வாசிக்கவில்லையா' என்று பதில் சொல்கிற சபை எந்த 95 கூற்றுகளின் வாரிசு?

500ஆம் ஆண்டு விழாவுக்காகச் செய்யவேண்டியவற்றையெல்லாம் செய்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். 2015ல் லூதரின் யூத வெறுப்பிலிருந்து விலகுவதாகத் தீர்மானம், 2016ல் யூதர்களை மதம் மாற்றும் ஊழியம் வேண்டாமென்று தீர்மானம். இரண்டும் நல்ல தீர்மானங்கள். இரண்டாலும் யாருடைய நாற்காலியும் ஆடவில்லை.

நாற்காலி ஆடக்கூடிய இடம் 2024 ஜனவரியில் வந்தது. சபைகளிலும் அவற்றின் சேவை நிறுவனங்களிலும் நடந்த பாலியல் கொடுமைகள் பற்றி, சபையே ஏற்பாடு செய்த ஆய்வு வெளியானது. குறைந்தபட்சம் 2,225 பேர் பாதிக்கப்பட்டவர்கள், 1,259 பேர் குற்றம் சாட்டப்பட்டவர்கள். இது பனிமலையின் நுனிதான் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். காரணம், மாநிலச் சபைகள் பெரும்பாலும் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புகளை மட்டுமே கொடுத்தன. ஊழியர் கோப்புகள் முழுதாக வரவில்லை. எங்கள் கிளையில் தணிக்கைக்கு வருகிறவரிடம் ஏற்கெனவே பிடிபட்ட கணக்குகளை மட்டும் எடுத்து நீட்டினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதைவிட மோசமான இன்னொன்றும் அந்த ஆய்வில் வருகிறது. கொடுமைக்கு ஆளானவர்களிடமே, மன்னித்துவிடுங்கள் என்ற நிர்ப்பந்தம் சபைக்குள்ளிருந்து வந்திருக்கிறது. கிருபை இலவசம் என்ற லூதரின் மகத்தான கண்டுபிடிப்பு, யாரிடமிருந்து இலவசமாக வசூலிக்கப்படுகிறது, பாருங்கள். ஆய்வு வெளியான அன்றே வருத்தம் தெரிவித்து அறிக்கைகளும் வந்துவிட்டன. கோப்புகள் அலமாரியில் இருந்தன.