தரை வாரிய கால்

ஆலங்காயத்தில் நம் மாணவன் ஒருவன் சென்ற வாரம் ஓடுகையில் மைதானக் குழியில் இடறி விழுந்தான். கணுக்கால் வீங்கிற்று, பந்தயக் கனவும் கலைந்தது. "கவனக் குறைவு!" என்றனர் பெரியோர். நாம் அங்ஙனம் கருதவில்லை.

1975-இல் கோலாலம்பூரில் புல்தரையில் உலகக் கோப்பையை வென்றனர் நமது ஹாக்கி வீரர்கள். மறு வருஷமே மான்ட்ரீல் ஒலிம்பிக்கில், செயற்கைத் தரையில், 7-ஆம் இடத்திற்கு இறங்கினர். ஓராண்டில் அவர்தம் திறமை மறைந்து போயிற்றா? இல்லை, பழகாத தரையே பெருங் காரணம். உலக வீரரையே தரை வீழ்த்துமாயின், கல்லிலும் குழியிலும் ஓடும் பாலகன் எம்மாத்திரம்?

கல் பொறுக்கவும், குழி தூர்க்கவும், மழைநீர் வடிய வாய்க்கால் வெட்டவும் பெரும் பொருள் வேண்டுவதில்லை. பெற்றோர்களே! ஞாயிறு காலை மண்வெட்டியுடன் வாருங்கள், நாமும் வருகிறோம்.