பள்ளி விட்டதும் அந்த 3 மணி நேரம்... 'ஆஃப்டர் ஸ்கூல் கேர்' மையங்களை யார் கண்காணிக்கிறார்கள்?

பள்ளி முடிவது மாலை 4 மணி வாக்கில். ஆபீஸ் முடிவது 6 மணி. டிராஃபிக்கையும் சேர்த்தால் வீடு வந்து சேர 7 ஆகிவிடும். நடுவில் இருக்கும் அந்த 3 மணி நேரம் குழந்தை எங்கே இருக்கும்? தாத்தா, பாட்டி கூடவே இருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வியே வராது. அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போகும் தனிக்குடித்தனங்களில் இதற்கான பதில் பெரும்பாலும் பக்கத்துத் தெரு டே-கேர்தான். பள்ளி வேன் நேராக அங்கே இறக்கிவிடும். ஸ்நாக்ஸ், ஹோம்வொர்க், கொஞ்சம் விளையாட்டு. மாதக் கட்டணம் கட்டியாச்சு, பிரச்னை முடிந்தது.

முடிந்ததா? அந்த மையத்தில் எத்தனை குழந்தைகளுக்கு ஒரு பணியாளர் இருக்க வேண்டும், ஒரு குழந்தைக்கு எவ்வளவு இடம் வேண்டும், பார்த்துக்கொள்பவருக்கு என்ன தகுதி வேண்டும் என்று சட்டத்தைப் புரட்டினால் சிக்கல் தெரியும்.

6 வயது என்ற கோடு

இந்தியாவில் குழந்தைப் பராமரிப்பு விதிகள் பெரும்பாலும் 6 வயதோடு நின்றுவிடுகின்றன. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ல் வந்த திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. அதற்காக மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், 6 மாதம் முதல் 6 வயது வரையிலான குழந்தைகளுக்கானவை. அங்கன்வாடியும் 6 வயது வரைதான். தமிழ்நாட்டில் பிளே ஸ்கூல்களுக்கு 2015-ல் தனி விதிமுறைகள் வந்தன. அவையும் பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளுக்கே.

ஆக, ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து குழந்தை பள்ளி நேரத்தில் கல்வித் துறையின் பொறுப்பு. பள்ளி கேட்டைத் தாண்டியதும்? நேற்றுவரை காப்பக விதிகளுக்குள் இருந்த அதே குழந்தை, அதே கட்டடத்தில், அதே அக்காவிடம் இருந்தாலும், இன்றைக்கு அந்தத் தர அளவுகள் பொருந்தாது. 7 வயதுக் குழந்தைக்கும் பசிக்கும், விழுந்தால் அடிபடும், பயம் வந்தால் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்பதை இந்த வயதுக் கோடு கணக்கில் எடுக்கவில்லை.

அப்போ சட்டமே இல்லையா?

தரத்துக்குத்தான் இல்லை, பாதுகாப்புக்கு இருக்கிறது. பல பெற்றோருக்கு இது தெரிவதில்லை. 2020-ம் ஆண்டின் போக்சோ விதிகள், குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் எந்த நிறுவனமும் தன் ஊழியர்கள் ஒவ்வொருவரையும் குறிப்பிட்ட இடைவெளிகளில் போலீஸ் மூலம் சரிபார்க்க வேண்டும் என்கின்றன. பள்ளி, காப்பகம், விளையாட்டு அகாடமி எல்லாமே இதில் அடக்கம். 6 வயது வரம்பு இங்கே கிடையாது. 18 வயதுக்குட்பட்ட எல்லோருக்கும் பொருந்தும்.

இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவும் உண்டு. பராமரிப்புக்கு ஒப்படைக்கப்பட்ட குழந்தையை நிறுவன ஊழியர் கொடுமைப்படுத்தினால் 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் இவையெல்லாம் பெரும்பாலும் தப்பு நடந்த பிறகு கைகொடுப்பவை. 40 குழந்தைகளை ஒரே ஹாலில் உட்கார வைத்து டிவி போட்டுவிடுவது எந்தப் பிரிவிலும் குற்றமில்லை.

ஜப்பானின் 'ஒன்றாம் வகுப்புச் சுவர்'

இதே சிக்கலுக்கு ஜப்பானில் பெயரே வைத்துவிட்டார்கள். அங்கே காப்பகம் மாலை வரை பார்த்துக்கொள்ளும், பள்ளியோ சீக்கிரம் விட்டுவிடும். அதனால் குழந்தை ஒன்றாம் வகுப்புக்குப் போகும்போது அம்மாக்கள் வேலையை விட வேண்டி வருகிறது. அதுதான் 'ஒன்றாம் வகுப்புச் சுவர்'. பள்ளிக்குப் பிந்தைய கிளப்புகளுக்கு 1997-ல் குழந்தைகள் நலச் சட்டத்தில் இடம் கிடைத்தது. 2015-ல் அளவுகோல்கள் வந்தன: ஒரு குழுவில் சுமார் 40 குழந்தைகள், 2 பணியாளர்கள், குழந்தைக்கு 1.65 சதுர மீட்டர் இடம். ஆள் கிடைக்கவில்லை என்று உள்ளாட்சிகள் முறையிட்டதில், கட்டாயமாக இருந்த பணியாளர் விதி 2020-ல் தளர்த்தப்பட்டது. விதி எழுதினால் போதாது, சம்பளம் கொடுக்கவும் ஆள் பிடிக்கவும் பணம் வேண்டும் என்பது அங்கே தெரிந்த விஷயம்.

இங்கிலாந்தில் 8 வயதுக்குட்பட்டவர்களை நாளுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் கட்டணம் வாங்கிப் பார்த்துக்கொள்பவர்கள் ஆஃப்ஸ்டெட் என்ற கண்காணிப்பு அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். பள்ளியே நடத்தினால் சில விலக்குகள் உண்டு. அங்கேயும் ஓட்டை இருக்கிறது. பள்ளி வயதுக் குழந்தைகள் மட்டும் வரும் கிளப்புக்கு விரிவான தரமதிப்பீடு கிடையாது. விதிகளைப் பூர்த்தி செய்கிறதா, இல்லையா என்பதோடு சரி.

தமிழ்நாட்டில் அரசு என்ன செய்கிறது?

காலை நேரத்துக்கு ஒரு பாதி பதில் இருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தால், அரசுத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் வகுப்புக்கு முன்பே பள்ளிக்கு வந்து சாப்பிடுகிறார்கள். மாலைக்கு, கொரோனா கால கற்றல் இழப்பை ஈடுகட்ட 2021-ல் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. தன்னார்வலர்கள் தினமும் ஒன்றரை மணி நேரம் வரை சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டுமே நல்ல திட்டங்கள்தான். ஆனால் ஒன்றின் நோக்கம் சாப்பாடு, இன்னொன்றின் நோக்கம் படிப்பு. வேலையிலிருந்து அம்மா, அப்பா திரும்பும்வரை குழந்தையைப் பார்த்துக்கொள்வது இரண்டின் வேலையும் அல்ல.

பெற்றோர் எதைப் பார்க்கணும்?

முதலில் எல்லோரும் கேட்பது சிசிடிவி. அது இருப்பது நல்லதுதான், ஆனால் கேமரா குழந்தையைத் தூக்கிவிடாது. அதைவிட முக்கியமான கேள்வி: இங்கே வேலை பார்ப்பவர்கள் எத்தனை மாதமாக இருக்கிறார்கள்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறினால், சம்பளத்திலோ வேலைச் சுமையிலோ ஏதோ சரியில்லை என்று அர்த்தம். குழந்தையும் யாரிடமும் மனம்விட்டுப் பேசாது. போலீஸ் சரிபார்ப்புச் சான்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். அது சட்டப்படி இருக்க வேண்டிய ஒன்று, நீங்கள் கேட்கும் சலுகை அல்ல.

வேனிலிருந்து இறங்கும் குழந்தையை யார் எண்ணி உள்ளே எடுக்கிறார்கள், ஒரு குழந்தை வரவில்லை என்றால் எத்தனை நிமிடத்தில் போன் வரும் என்றும் கேளுங்கள். மாலை 5.30 மணிக்குச் சொல்லாமல் ஒரு நாள் போய்ப் பாருங்கள். அட்மிஷன் அன்று காலையில் சுற்றிக்காட்டும் இடமும், பள்ளி முடிந்து எல்லா வயதுக் குழந்தைகளும் நிறைந்திருக்கும் இடமும் வேறு வேறாக இருக்கலாம். வாசலிலேயே நிறுத்தி வைத்தால் அதுவும் ஒரு தகவல்.

ஏதாவது தப்பாகத் தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம். பாலியல் குற்றம் பற்றிய சந்தேகம் என்றால் போக்சோ சட்டப்படி புகார் தெரிவிப்பது எல்லோருக்கும் கட்டாயம். மையத்தின் பொறுப்பாளரே தன் ஊழியர் செய்ததை மறைத்தால், அவருக்கு ஓராண்டு வரை சிறை.