கார் பறக்கிறது, டயர் தாங்குமா?

டயரைப் பற்றி நாமக்கல்காரருக்குப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. லாரி ஓடுகிற ஊர். பாடி கட்டுகிற ஊர். தேய்ந்த டயருக்கு ரீட்ரெட் போட்டு மறுபடியும் ரோட்டுக்கு அனுப்புகிற ஊர். புது டயர் முன்னாலே, ரீட்ரெட் டயர் பின்னாலே என்பது இங்கே கிளீனர் பையனுக்குக்கூடத் தெரியும். வண்டி நின்றதும் கம்பியால் ஒரு தட்டு தட்டுவான். சத்தத்தை வைத்தே காற்று இருக்கிறதா, இல்லையா என்று சொல்லிவிடுவான்.

ஆனால் லாரிக்குக் காட்டுகிற இந்த அக்கறையை மின்சாரக் காருக்கும் காட்டுகிறோமா? அங்கேதான் இடிக்கிறது!

மின்சாரக் கார் என்றால் பொம்மைக் கார் என்று நினைத்த காலம் போயே போச்சு. 2024 மார்ச்சில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த பி.ஒய்.டி. சீல் காரின் உயர்ரக மாடல், நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 3.8 வினாடியில் எட்டிவிடும். அதே ஆண்டு நவம்பரில் மகிந்திரா கம்பெனி தன் பி.இ.6 காரை சென்னையில் வைத்து அறிமுகம் செய்தது. மிதித்தால் பறக்கிற வண்டிகள். சத்தமும் கிடையாது.

எடை என்ன தெரியுமா?

இந்த வேகத்துக்குப் பின்னால் ஒரு சங்கதி இருக்கிறது. எடை! அந்த சீல் கார் காலியாக நிற்கும்போதே 2,185 கிலோ. சாதாரண ஸ்விஃப்ட் கார் சுமார் 900 கிலோதான். ஒரு கார் போகிற இடத்தில் இரண்டு கார் எடை போகிறது. காரணம் அடியில் இருக்கிற பேட்டரி. அதோடு, மிதித்த கணமே மோட்டார் முழு இழுவையையும் சக்கரத்துக்குக் கொடுத்துவிடும். எடையும் இழுவையும் சேர்ந்து டயரை அரைக்கின்றன. பெட்ரோல் காரில் ஓடின கிலோமீட்டர் இதிலும் ஓடும் என்று கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான்.

டயரின் பக்கவாட்டில் 235/45 ஆர்19 என்பது போல அளவு இருக்கும். அதை எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே 91, 94, 99 என்று இன்னொரு எண் இருக்கும். அதைப் பார்ப்பவர் எத்தனை பேர்? அதுதான் ஒரு டயர் எவ்வளவு பாரம் தாங்கும் என்று சொல்கிற எண். 91 என்றால் 615 கிலோ. 94 என்றால் 670 கிலோ. 99 என்றால் 775 கிலோ.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2,185 கிலோ காரில் ஆளுக்கு 75 கிலோ வீதம் ஐந்து பேர் ஏறினால் மொத்தம் 2,560 கிலோ. விலை மலிவு என்று 91 எண் டயரைப் போட்டால் நாலும் சேர்ந்து தாங்குவது 2,460 கிலோதான். பெட்டி ஏற்றுவதற்கு முன்பே 100 கிலோ ஓவர்லோடு! லாரியில் ஓவர்லோடு ஏற்றினால் கேஸ் போடுகிறார்கள். காரில் ஏற்றினால் கேட்க நாதி உண்டா?

எண்ணுக்கு அடுத்து ஓர் எழுத்து இருக்கும். அது வேகத்துக்கு. எச் என்றால் 210 கிலோமீட்டர், வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270. கார் கம்பெனி சொன்ன எண்ணுக்கும் எழுத்துக்கும் கீழே இறங்கவே கூடாது.

அழகு வீல் மோகம்

கார் வாங்கிய கையோடு பெரிய அலாய் வீல் மாட்டுவது ஒரு மோகமாகிவிட்டது. வீல் பெரிதானால் ரப்பர் ஒல்லியாகும். 245/60 டயரில் பக்கவாட்டு ரப்பர் 14.7 சென்டிமீட்டர். 235/45 டயரில் 10.6தான். குழியில் விழுந்தால் அடியை வாங்கிக்கொள்ள ரப்பர் இல்லை. ரிம் நெளியும், டயர் வெடிக்கும். ஸ்டெப்னி இருக்கிறதே என்று தைரியமாக இருக்கவும் முடியாது. காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி வேண்டாம் என்று 2020லேயே விதி வந்துவிட்டது. பக்கவாட்டில் கிழிந்த டயரை அந்த கிட் ஒட்டுமா? நடு ராத்திரியில் புதுச்சத்திரம் பக்கம் குடும்பத்தோடு நின்றால் தெரியும் சேதி!

சார்ஜும் சீக்கிரம் தீரும். டெஸ்லா மாடல் 3 காரில், 2023இல் வந்த நீண்டதூர ரகத்துக்கு, 18 அங்குல வீலில் 678 கிலோமீட்டர் போகும் என்ற கம்பெனியே 19 அங்குல வீலில் 629 என்றுதான் சொன்னது. ஓர் அங்குல அழகுக்கு 49 கிலோமீட்டர் நஷ்டம். சேலத்திலிருந்து நாமக்கல் போகிற தூரம்!

சட்டமும் சும்மா இல்லை. கம்பெனி சொன்ன அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. மீறி மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில். இரண்டும்கூட உண்டு.

யார் என்ன செய்ய வேண்டும்?

டயர் கடைக்காரர்கள் பில்லில் அளவோடு பாரம் எண்ணையும் தயாரித்த தேதியையும் எழுத வேண்டும். தேதி டயரிலேயே இருக்கிறது. 3224 என்றால் 2024ஆம் ஆண்டின் 32வது வாரம். பழைய சரக்கைத் தலையில் கட்டக்கூடாது.

போக்குவரத்து அதிகாரிகள் லாரியை நிறுத்துகிற கையாலே காரையும் நிறுத்தி டயரைப் பார்க்க வேண்டும். 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே பட்டன் தேய்ந்த மொட்டை டயர் லட்ச ரூபாய் காரில் இருந்தாலும் மொட்டை டயர்தான்.

பெட்ரோல் பங்குகளில் காற்று மீட்டர் சரியாக வேலை செய்ய வேண்டும். மின்சாரக் காருக்குப் பெட்ரோல் வேண்டாம். காற்று வேண்டுமே! சேலத்துச் சித்திரை வெயிலில் குறைந்த காற்றோடு கனமான வண்டியை விரட்டினால் டயர் கொதிக்கும். வெடிப்பது அப்படித்தான்.

கார்க்காரர்கள் பெரிய படிப்பு படிக்க வேண்டாம். கம்பெனி புத்தகத்தையும் கதவோரம் ஒட்டியிருக்கிற சீட்டையும் ஒரு தரம் படித்தால் போதும். மின்சாரக் கார்களுக்கென்றே நம் நாட்டுக் கம்பெனிகளும் டயர் செய்கின்றன. அப்போலோ 2022லேயே வெளியிட்டது. கேட்டு வாங்கலாம்.

சீலநாயக்கன்பட்டியில் ஏறி நாமக்கல் வரை அந்தச் சாலையில் கார்க்காரர் மட்டும் போகவில்லை. ஸ்கூட்டரில் குமாஸ்தா போகிறார். மொபெட்டில் காய்கறிக் கூடையோடு வியாபாரி போகிறார். இரண்டு டன் காரின் டயர் வெடித்தால் அது யார் மீது பாயும் என்று சொல்ல முடியுமா?

பல லட்சம் கொட்டி வாங்கிய காரானாலும் ரோட்டைத் தொடுவது நாலு உள்ளங்கை அகல ரப்பர்தான். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்!